வாடகையில் எல்லாம் அடக்கம்

வீடு கிடைத்த அன்று தையல்காரிக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டாவது மாடி, தெருப் பக்கம் ஜன்னல், கரண்டு, தண்ணீர், கேஸ் எல்லாமே வாடகையில் அடக்கம். எல்லாவற்றுக்கும் மேலாக, பஸ் டிப்போவிலிருந்து நடந்தால் நாலே நிமிடம்.

அந்த நாலு நிமிடத்தில்தான் அவள் உயிரே இருந்தது. அவள் புருஷன் பஸ் டிரைவர். காலை டியூட்டி பன்னிரண்டரைக்கு முடியும், மாலை டியூட்டி மூன்றரைக்குத் தொடங்கும். பழைய வீடு ஊருக்கு வெளியே இருந்ததால், நடுவில் கிடைத்த மூன்று மணி நேரத்தை மனுஷன் டிப்போ பெஞ்சில் முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு கழித்தார். கல்யாணமாகி நாலு வருஷத்தில், அவர் விழித்திருந்து அவள் பார்த்ததெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில்தான். இங்கே வந்த பிறகு பன்னிரண்டே முக்காலுக்கு வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள், வம்பளந்தார்கள், சில நாள் சண்டை கூடப் போட்டார்கள். சண்டை போட நேரம் கிடைத்ததே அவளுக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது.

இந்த நிம்மதியில் கல்லைப் போட்டவள் நாத்தனார். பால் காய்ச்ச வந்தவள், அடுப்பு சூடாகும் முன்பே ஆரம்பித்துவிட்டாள். எல்லாம் சேர்த்து என்று எவனாவது சும்மா கொடுப்பானா, முதல் வருஷம் விட்டுப் பிடிப்பான், பில்லைப் பார்த்துக் கணக்குப் போட்டு வருஷக் கடைசியில் வாடகையை ஏற்றுவான் அல்லது வெளியே அனுப்புவான் என்றாள். சொல்லிவிட்டுப் போய்விட்டாள். கேட்டவளுக்குத்தான் தூக்கம் போயிற்று.

மறுநாளே சிக்கனம் குடிவந்தது. மோட்டார் வைத்த தையல் மெஷின் மூலைக்குப் போய், பழைய கால்மிதி மெஷின் ஜன்னலோரம் வந்தது. மின்விசிறி அவர் சாப்பிடும்போது மட்டும், அதுவும் இரண்டாம் நம்பரில். அவருக்குப் போன் சார்ஜ், குளியல், ஷேவிங் எல்லாம் டிப்போவில். இஸ்திரிக்குப் பதிலாக மெத்தைக்கடியில் சட்டையை மடித்து வைத்தாள். துவைக்கிற துணிகளை ஞாயிற்றுக்கிழமைதோறும் இரண்டு பெரிய சூட்கேஸ்களில் அடைத்து நாத்தனார் வீட்டு வாஷிங் மெஷினுக்குக் கொண்டுபோனாள். யோசனை சொன்னவள்தானே, அனுபவிக்கட்டும்.

கீழ்வீட்டில் இருந்த வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், மகா கூச்சக்காரர். மாதாமாதம் படியேறிப் போய் கரண்டுக்கு இவ்வளவு, தண்ணீருக்கு இவ்வளவு என்று கேட்க நாக்கு எழாமல்தான் எல்லாவற்றையும் வாடகையிலேயே சேர்த்து வைத்திருந்தார். ஊருக்கெல்லாம் பார்வை சரிசெய்து கொடுக்கிறவர்தான். ஆனால் மாடிவீட்டு விஷயத்தில் அவர் பார்த்தது இவ்வளவே: ஞாயிறுதோறும் சூட்கேஸ்கள் கனமாக இறங்குகின்றன, கொடியில் துணி இல்லை, குழாய்ச் சத்தம் இல்லை. மீட்டர் பார்க்க வந்தவரே மேல்வீடு பூட்டிக் கிடக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் போனார். ஒப்பந்தம் முடிய ஒரு வாரம்தான் இருந்தது, மேலேயிருந்து பேச்சு மூச்சு இல்லை. காலி செய்கிறார்கள், சொல்லச் சங்கடப்படுகிறார்கள் என்று முடிவுகட்டினார். சங்கடப்படுவதைப் பற்றி அவருக்குத் தெரியாததா?

மேலே இவளும் வாயைத் திறக்கவில்லை. நாமாகப் போய் ஒப்பந்தத்தை நீட்டிக்கக் கேட்டால் வாடகையை ஏற்றுவார் என்ற பயம்.

அன்று பகல் ஒரு மணி இருக்கும். இருவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது. வெளியே வீட்டுக்காரர், பின்னால் புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடி. ஐந்து நிமிஷம் வீட்டைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறோம் என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டே.

தையல்காரிக்குக் கை கால் ஓடவில்லை. போன மாதம் காய்ச்சலில் கிடந்தபோது இரண்டு நாள் வெந்நீர் போட்டோமே, அதனால்தானோ என்றுதான் முதலில் தோன்றியது.

"நாங்க அதிகமா செலவு பண்ணிட்டோமா சார்?" என்றாள். "ஃபேன் கூட போடறதில்லயே. துணியைக்கூட வெளிலதான் துவைக்கிறோம்."

வீட்டுக்காரர் நிமிர்ந்து பார்த்தார். கால்மிதி மெஷின், இரண்டாம் நம்பரில் முனகும் விசிறி, தட்டில் பாதிச் சாப்பாடு. அவர் முகம் தொங்கிவிட்டது.

"நீங்க காலி பண்றீங்கன்னு நினைச்சேம்மா. வீட்ல ஆள் இருக்கிற மாதிரியே தெரியல. இவங்ககிட்ட காலையிலதான் அட்வான்ஸ் வாங்கினேன். வாக்குக் குடுத்துட்டேன்."

டிரைவர் எச்சில் கையோடு எழுந்து நின்றார். பேசத் தெரியாதவர் அவர், ஹாரன் அடிக்கக்கூட யோசிப்பவர். பேச வேண்டியவள் அவள்தான்.

"வேற வீடு கிடைக்கும் சார், நான் கிடைக்காதுன்னு சொல்லல," என்றாள். "அங்கேர்ந்து இவரால மத்தியானம் வர முடியாது. ராத்திரி வந்ததும் அசந்து தூங்கிடுவார். எனக்கு இவர் கிடைக்கிறது இந்த நேரத்துலதான். இதுக்காக இருட்டுல வேணா உக்காந்திருப்பேன் சார்."

வீட்டுக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கொடுத்த வாக்கைத் திரும்பக் கேட்பது, வாடகை கேட்பதைவிட அவருக்குக் கஷ்டம். புது மாப்பிள்ளை ஜன்னலருகே போய், காற்று நன்றாக வருகிறது, நம் ஆபீசுக்கும் பக்கம் என்று மெல்லத் தொடங்கினான். அந்தப் பெண் அவன் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அண்ணனுக்கு மறுபடி எத்தனை மணிக்கு டியூட்டி?" என்று தையல்காரியைக் கேட்டாள்.

"மூணரைக்கு."

அவள் போனில் மணி பார்த்தாள். பிறகு வீட்டுக்காரரிடம் திரும்பி, அட்வான்ஸைச் சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்வதாகச் சொன்னாள்.

"வாங்க, போலாம்," என்று புருஷனை இழுத்தாள். "நாமளே பத்து நிமிஷத்தைத் தின்னுட்டோம்."