இரண்டு விரல் இறக்கம்

“உன் வெயிட் எவ்வளவு?”

“கல்யாணமாகி ஒரு மாசம்கூட ஆகல. பொண்டாட்டிகிட்ட கேக்குற கேள்வியா இது?”

“வண்டிக்குக் கேக்குறேன். முன் ஃபோர்க்குக்கு வேற ஸ்பிரிங் போடப்போறேன். ஓட்டுறவங்க எடைக்குத் தக்கபடி வாங்கணும். சரியா அமைஞ்சா வளைவுல வண்டி சொன்ன பேச்சு கேக்கும்.”

“வண்டியாவது கேக்கட்டும். ஐம்பது.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“சரி, ஐம்பத்தாறு. வெளியில மூச்சு விட்டீங்க, தெரியும் சேதி!”

“பின்னாடி உக்காரறவங்க எடை முன்னாடி அவ்வளவா வராது.”

“அப்புறம் எதுக்கு என்னைக் கேட்டீங்க?”

“சும்மாதான். தெரிஞ்சுக்கலாம்னு.”

“அப்ப ஒருநாள் நான் ஓட்டுறேன். நீங்க பின்னாடி உக்காருங்க.”

“நான் பின்னாடி உக்காருற நாள் வந்துச்சுன்னா, அன்னிக்கே வண்டியை எடைக்குப் போட்டுடு டீச்சர்!”

எங்கள் வீட்டு அளவெடுப்பு அப்படித்தான் ஆரம்பித்தது. பைக்கின் முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாயில் மெல்லிய பிளாஸ்டிக் வளையம் ஒன்றை மாட்டி, அடிவரை இறக்கி வைப்பார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு வண்டியில் ஏறி உட்காருவார். அவர் எடைக்கு ஃபோர்க் அமுங்க, வளையம் மேலே நகரும். அவர் இறங்கிய பிறகும் அது ஏறிய இடத்திலேயே நிற்கும். வளையத்துக்குக் கீழே எவ்வளவு இடம் என்று பார்க்க வேண்டியது என் வேலை. ஸ்கேல் தேடச் சோம்பல்பட்டு முதல் நாள் விரலை வைத்தேன். இரண்டு விரல் கச்சிதமாகப் பொருந்தியது. அதிலிருந்து என் விரல்தான் ஸ்கேல். “கணக்கு டீச்சர் அளவெடுக்குற லட்சணத்தைப் பாரு” என்று வருஷா வருஷம் அதே கேலி.

வண்டி ஓட்டவும் அவர்தான் கற்றுக்கொடுத்தார், பள்ளிக்கூட மைதானத்தில். ஓரமாக நின்று தொண்டை வற்றக் கத்தினாரே தவிர, பின்னால் ஏறவில்லை. பள்ளிக்கு நான் ஸ்கூட்டர் வாங்கிக்கொண்டேன். அவர் வண்டியில் என் இடம் பின்னால்தான் என்று ஆகிப்போனது.

இந்த வருஷம் அவர் வயிற்றில் கட்டி வந்தது. இனி வலிக்கு மட்டும்தான் மருந்து என்று டாக்டர் சொன்னபோது, இருவருமே அந்த அறையில் இருந்தோம். வீடு வந்து சேரும்வரை அதைப் பற்றிப் பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை.

சாயங்காலம் வண்டி எடுப்பதை மட்டும் அவர் விடவில்லை.

“பள்ளத்துல இறங்கினா மணிக்கட்டுல வந்து இடிக்குது. ஸ்பிரிங் இறுகிப் போச்சு போல” என்றார்.

அளவெடுத்தோம். ஒரு விரல் நுழைந்தது. அடுத்த விரல் பாதியில் நின்றுவிட்டது. ஸ்பிரிங்குக்கு ஒரு குறையும் இல்லை. அதை அமுக்கும் எடைதான் அவரிடம் இல்லை.

“எவ்வளவு?”

“ரெண்டு விரல். எப்பவும் போலத்தான்.”

“அப்படியா?” என்றார்.

சில நாளில் கேட்டருகே வண்டியோடு சாய்ந்துவிட்டார். எதிர்வீட்டுக்காரர் ஓடிவந்து தூக்கிவிட்டார். காய்ந்து கிடந்த தரையைக் காட்டி, “வழுக்கிடுச்சு” என்றார் இவர். இனி நான் ஓட்டுகிறேன், நீங்கள் பின்னால் உட்காருங்கள் என்று நாக்கு நுனிவரை வந்தது. அந்தப் பழைய கேலி குறுக்கே நின்றது. அந்த நாள் வந்துவிட்டது என்று என் வாயாலேயே சொன்னதாகிவிடுமே! முழுங்கிக்கொண்டேன்.

பிறகு பார்சலில் புது ஸ்பிரிங் வந்தது. அவர் முக்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, நான் முன் சக்கரத்தைக் கழற்றினேன். ஃபோர்க்கை உருவி, கறுத்துப்போன ஆயிலைப் பழைய பக்கெட்டில் வடித்தோம். மூடி ஒன்று அசைய மறுத்தது. முயன்று பார்த்துவிட்டு ஸ்பானரை என்னிடம் நீட்டினார்.

“மூணாம் பீரியட் பசங்க காதை நினைச்சுக்கிட்டுத் திருப்பு டீச்சர்.”

மூடி கழன்றுவிட்டது.

பழைய ஸ்பிரிங்கையும் புதியதையும் அருகருகே வைத்தார். புதியதன் கம்பி மெலிந்திருந்தது. தன் உடம்புக்குத் தக்கபடி வாங்கியிருக்கிறார், என் இரண்டு விரல் பொய் எடுபடவில்லை என்று நினைத்தேன். அவர் முகத்தைப் பார்க்காமல் புது ஆயிலை ஊற்றினேன்.

எல்லாம் பூட்டி முடித்ததும், வழக்கம்போலச் சக்கரத்தருகே மண்டியிட்டேன்.

“எழுந்திரு. நீ ஏறி உக்காரு” என்றார்.

“நானா?”

“ஏறுன்னா ஏறேன்.”

ஏறினேன். முன்பக்கம் மெத்தென்று இறங்கியது. நான் இறங்கியதும், அவர் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குந்தினார். வளையத்துக்குக் கீழே இரண்டு விரலை வைத்தவர், உடனே எடுத்துக்கொண்டார்.

“என் விரலை நம்ப முடியாது. ரெண்டும் சேர்ந்தாத்தான் உன் ஒரு விரல். நீயே பாரு.”

வைத்துப் பார்த்தேன். இரண்டு விரல். கச்சிதம்.

“கடையில அறுபத்திமூணு கிலோன்னு சொன்னேன்.”

“அறுபதுதான்!”

“ஆஸ்பத்திரியில எனக்கப்புறம் நீயும் எடை மெஷின்ல ஏறினியே? பாத்துட்டுதான் இருந்தேன்.”

இருவரும் சிரித்தோம். அவர் சிரிப்பு இருமலாக மாறியது. அடங்கும்வரை முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். சட்டைக்குள் எலும்பு எலும்பாகக் கைக்குத் தட்டுப்பட்டது.

“ஸ்கூட்டரை வித்துடு. இதுலயே ஸ்கூலுக்குப் போ. உன் எடைக்குத்தான் அமைச்சிருக்கேன். வளைவுல பயப்படாத, சொன்ன பேச்சு கேக்கும்” என்றார். சாவியை என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டார்.

எப்போதிலிருந்து என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

வண்டியைக் கேட்டுக்கு வெளியே உருட்டி, ஏறி உட்கார்ந்தேன். அவர் நிலைப்படியைப் பிடித்தபடி, நான் கிளம்புவதைப் பார்க்க நின்றார். நான் கிளம்பவில்லை. இரண்டு காலையும் தரையில் அழுத்தி ஊன்றிக்கொண்டேன்.

“பின்னாடி எடை முன்னாடி அவ்வளவா வராதுன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“ஆமா. அதுக்கென்ன இப்ப?”

“வண்டியை எடைக்கெல்லாம் போட மாட்டேன். நான் தனியா ஓட்டுறது அப்புறம் இருக்கட்டும்.” இங்கே நிறுத்தினால் அடுத்த வார்த்தை இனி எப்போதும் வராது என்று தோன்றியது. “இப்ப வாங்க. என் பின்னாடி ஏறி உக்காருங்க.”