முதலில் காற்று

நெரெய்தா சொன்ன ஒரு வாக்கியத்தால்தான் எல்லாம் கெட்டது.

புயலுக்கு மூன்று வாரம் கழித்து, காப்பீட்டு நிறுவனத்திலிருந்து மதிப்பீட்டாளர் ஒருவர் வந்தார். இளைஞர். மரியாதையாகப் பேசினாராம். வீடு இருந்த இடத்தில் சிமென்ட் தரை மட்டும் இருந்தது. அதன்மேல் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அவரை உட்காரவைத்திருக்கிறாள். பக்கத்து வீட்டில் காப்பி வாங்கிக் கொடுத்திருக்கிறாள். என்ன நடந்தது என்று அவர் கேட்டார்.

"கடல் எல்லாத்தையும் கொண்டுபோயிடுச்சு."

எங்கள் கடற்கரையில் அப்போது எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். துக்கம் கேட்க வந்தவர்களுக்கு அதற்கு மேல் தேவைப்படவில்லை. அவர் அதை எழுதிக்கொண்டார். கையெழுத்து வாங்கிக்கொண்டார். பத்து நாளில் கடிதம் வந்தது. பாலிசி காற்றுச் சேதத்துக்கு மட்டும். கடல்நீருக்கு இல்லை.

கார்மெலோ என் தம்பி, நெரெய்தாவின் கணவன். கடல் கொண்டுபோனதில் அவனும் உண்டு. மூன்றாம் நாள் அலையாத்திக் காட்டில் கிடைத்தான். வலது கால் முறிந்திருந்தது. கடல் முறித்தது என்றார்கள். "கையப் பிடிச்சிட்டுத்தான் இருந்தேன். உருவிட்டுப் போயிடுச்சுக்கா" என்று அடக்கத்தன்று நெரெய்தா என்னிடம் சொன்னாள். நான் அவளைக் கட்டிக்கொண்டேன்.

நான் இப்போது மலைமேல் ஒரு ஊரில் இருக்கிறேன். அங்கே ஒரு வக்கீல் அலுவலகத்தில் கோப்பு அடுக்குகிறேன். கடிதத்தைப் படித்ததும் பஸ் பிடித்துக் கீழே இறங்கினேன்.

"கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி படிச்சியா?"

"கண்ணாடி இல்லக்கா. அதுவும்தான் போயிடுச்சே."

"பின்ன ஏன் போட்ட?"

"அவருக்கு வேர்த்துக் கொட்டிச்சு. பாவமா இருந்துச்சு."

"பாவமா? அவர் வீட்டுக்குக் கூரை இருக்கு, நெரெய்தா."

அவளும் நாலு வயது யாரியும் பக்கத்து வீட்டின் பின்னறையில், நீலத் தார்ப்பாயின் கீழ் இருந்தார்கள். மறுபரிசீலனைக்கு எழுதிப் போடலாம். அதிலும் மறுத்தால் வழக்குதான், வழக்கென்றால் வருஷங்கள். அவளுடைய தங்கை ஃப்ளோரிடாவிலிருந்து, அங்கேயே வந்துவிடு என்று தினமும் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். போனவர்கள் யாரும் தீவுக்குத் திரும்பவில்லை. யாரிக்கு என் தம்பியின் மூக்கு.

எழுதிப் போட்டேன். வேறு ஆளை அனுப்புவதாகப் பதில் வந்தது. அந்த ஆள் வருவதற்கு முந்தின நாளே போய் நெரெய்தாவை எதிரில் உட்காரவைத்தேன்.

"கூரை எப்போ போச்சு?"

"முன்னாடியே."

"எதுக்கு முன்னாடி?"

"கடலுக்கு முன்னாடி."

கையில் இருந்த பிஸ்கட்டைக் கீழே வைத்தேன்.

"இத ஏன் அந்த ஆள்கிட்ட சொல்லல?"

"அவர் கேக்கலையே."

"மணி என்ன இருக்கும்?"

"பத்து. யாரிக்கு மூச்சு மருந்து குடுக்கற நேரம்."

"கூரை மட்டுமா?"

"கடல் பக்கத்துச் சுவரும்."

"அப்போ வீடு காத்துலதான் போயிருக்கு. கடல் வந்து மிச்சத்தப் பெருக்கிட்டுப் போயிருக்கு. அவ்வளவுதான். முதல்ல காத்து. அத சொல்லு. கேட்டதுக்கு மட்டும் பதில். கூட ஒரு வார்த்தை வேண்டாம். தெரியலன்னா தெரியலன்னு சொல்லு. எப்படி இருக்கீங்கன்னு கேட்டா, கடவுள் புண்ணியத்துல நல்லா இருக்கேன்னு சொல்லி வைக்காத. அதையும் எழுதிக்குவாங்க."

"பின்ன என்னக்கா சொல்றது?"

"வாங்க, உக்காருங்கன்னு சொல்லு."

அவள் சிரித்தாள். புயலுக்குப் பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

சாட்சிக்கு ஒரு தாள் வைத்திருந்தேன். புயலன்று ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தஞ்சம் புகுந்தவர்களின் பெயர்களை, வந்த நேரத்தோடு, வாசலில் ஒரு பெண் நோட்டில் எழுதியிருந்தாள். நகல் வாங்கியிருந்தேன். நெரெய்தா, மகள், 10.50. நேரத்தைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டிருந்தேன். கடல் ஊருக்குள் ஏறியது ஒரு மணிக்கு. அதை ஊரே சொல்லும். கடலுக்கு இரண்டு மணி நேரம் முன்பே அந்த வீட்டில் குடியிருக்க முடியவில்லை. இதைவிட என்ன வேண்டும்?

நெரெய்தா தாளைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். பிறகு குப்புறக் கவிழ்த்து வைத்தாள்.

"இது வேணுமாக்கா?"

"இதுதான் வேணும்."

இரண்டாவது மதிப்பீட்டாளரின் பெயர் சல்தாஞா. ஐம்பது வயதிருக்கும். டெக்சாஸிலிருந்து அனுப்பப்பட்டவர். மெக்சிகோக்காரர்களின் ஸ்பானிஷ் பேசினார். ஒலிப்பதிவுக் கருவியை மேசைமேல் வைத்தார். அதன் பக்கத்தில் என் கைபேசியை வைத்து நானும் பதிவை அழுத்தினேன்.

"நீங்களுமா?"

"எங்களுக்கும் ஞாபகம் வேணுமில்ல."

"வக்கீலுங்களா?"

"நாத்தனார்."

"அப்போ இன்னும் மோசம்" என்று சிரித்தார். "எப்படி இருக்கீங்க, சென்யோரா?"

"வாங்க, உக்காருங்க" என்றாள் நெரெய்தா. அவர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்.

நன்றாகத்தான் போயிற்று. பத்து மணி, கூரை, சுவர். கேட்டதற்கு மட்டும் சொன்னாள். பள்ளிக்கூடத்துத் தாளை எடுத்து நீட்டினேன். அவர் சிவப்பு வட்டத்தைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு விரலை மெதுவாக மேலிருந்து கீழே ஓட்டினார்.

"உங்க வீட்டுக்காரர் பேரு இதுல இல்லையே?"

நான் எட்டிப் பார்த்தேன். நெரெய்தா, மகள். அடுத்த வரியில் வேறு குடும்பம். அந்தத் தாளைப் பத்துத் தடவையாவது பார்த்திருப்பேன். நேரத்தை மட்டும்தான் பார்த்திருந்தேன்.

"அது வீட்டப் பத்தின கேள்வி இல்ல" என்றேன். வாய் தானாகச் சொன்னது.

"நேரத்த உறுதிப்படுத்தத்தான் கேக்கறேன்."

"அவ அதுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்ல."

நெரெய்தா அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"அவருக்கு வேண்டாம்க்கா. உங்களுக்கு வேணுமே."

நாற்காலியை என் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"கூரையோட நடு உத்தரமும் வந்துடுச்சு. அவர் கால் மேல. இழுத்துப் பாத்தேன், தூக்கிப் பாத்தேன். அசையல. யாரிக்கு மூச்சு வாங்க ஆரம்பிச்சுடுச்சு. மருந்து டப்பா பறந்துடுச்சு. பிள்ளைய எடுத்துட்டுப் போன்னாரு. நான் மாட்டேன்னேன். கத்தினாரு. என்னிக்கும் எங்கிட்ட கத்தினதில்ல. ஆளக் கூட்டிட்டு வரேன்னு சொன்னேன். கையப் பிடிச்சிட்டு இருந்தாரு." நிறுத்தினாள். "கடல் உருவலக்கா. நான்தான் கைய விட்டேன்."

கருவியில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"பள்ளிக்கூடத்துல ரெண்டு பேர் வரேன்னாங்க. காத்து அடங்கட்டும்னு கதவத் திறக்க விடல. அடங்கினதும் ஓடினோம். மூலைக் கடை வரைக்கும்தான். அதுக்கப்புறம் தெரு இல்ல."

சல்தாஞா கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்தார்.

"உத்தரம் விழுந்தது பத்து மணிக்குங்களா?"

"பத்துக்கு."

"அப்போ வீட்டுக்குள்ள தண்ணி?"

"மழைதான். கடல் இல்ல."

"இறப்புச் சான்றிதழ்ல கால் முறிவு இருக்குங்களா?"

"இருக்கு" என்றேன். அதையும் கோப்பில் வைத்திருந்தேன். எடுத்துக் கொடுத்தேன். அவர் இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்துவிட்டு, காற்று என்ற கட்டத்தில் குறி போட்டார்.

வாக்குமூலம் ஒன்றரைப் பக்கம் வந்தது. நெரெய்தா பேனாவை வாங்கினாள்.

"இரு" என்றேன். அவளுக்கு இன்னும் கண்ணாடி இல்லை. நான்தான் உரக்கப் படித்தேன். நான், என் வீடு, என் மகள் என்று என் வாயால் வந்தது. கடைசிப் பத்தியில், "உத்தரத்தின் கீழ் சிக்கிய என் கணவரைக் கைவிட்டு, மகளுடன் வெளியேறினேன்" என்று இருந்தது.

தாளைக் கீழே வைத்தேன்.

"இந்த வார்த்தைய அவ சொல்லல."

"எதைங்க?"

"கைவிட்டு."

"கைய விட்டேன்னு அவங்கதானே சொன்னாங்க?"

"கைய விட்டேன்னு சொன்னா. கைவிட்டேன்னு சொல்லல."

"ரெண்டுக்கும் காசு ஒண்ணுதான், சென்யோரா. இதனால உங்களுக்கு ஒண்ணும் குறையாது."

"மாத்துங்க."

"அக்கா, விடுங்க" என்றாள் நெரெய்தா. "சரியாத்தான் எழுதியிருக்கார்."

"நீ சும்மா இரு."

கைபேசியைக் கையில் எடுத்தேன். பதிவைப் போட்டுக் காட்டட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். அந்த வரியை அடித்து, மேலே எழுதினார்: "கணவரைக் காப்பாற்ற ஆள் தேடி, மகளுடன் வெளியே சென்றேன்." பக்கத்தில் தன் சுருக்கொப்பத்தைப் போட்டார். முதல் வரியிலிருந்து மறுபடியும் படித்தேன். பிறகுதான் கையெழுத்துப் போட விட்டேன்.

ஜனவரியில் கடிதம் வந்தது. காற்று என்று ஒப்புக்கொண்டிருந்தார்கள். இப்போது அந்தத் தரைமேல் சிமென்ட் சுவர்கள் எழும்புகின்றன.

அன்றைய பதிவு என் கைபேசியில் இன்னும் இருக்கிறது. நிறுத்த மறந்துவிட்டேன். அவருடைய வண்டி கிளம்பும் சத்தம் இருக்கிறது. பிறகு தார்ப்பாய் அடித்துக்கொள்ளும் சத்தம், பதினொரு நிமிடம். பிறகு நெரெய்தாவின் குரல்.

"காப்பி மிச்சம் இருக்குக்கா. ஆறிடுச்சு."

"பரவால்ல. குடு."