செவ்வந்தி உபயம்

1

இந்தக் கதை எனக்கு ஒரு செப்புத் தகட்டிலிருந்து கிடைத்தது. நான் பிறந்ததும் அந்தத் தகடு இருக்கிற இடத்தில்தான். ஆனால் கண்ணால் கண்ட சாட்சி என்று பீற்றிக்கொள்ள முடியாது. அன்றைக்கு எனக்குக் கண்ணே சரியாகத் திறக்கவில்லை. எல்லாம் என் உம்மா சொல்லிக் கேட்டது.

'உம்மா' என்று எழுதினால் கை இளகிப்போகிறது. அதனால் இனி அவள் பெயர் சித்தி ஜுனைதா. தொண்டி வியாபாரி ஹமீது சுல்தானின் மனைவி.

முதல் தொடக்கம்: வானம் கறுத்துக்கொண்டு வந்தது. பேருந்து

(அடித்துவிட்டேன். எங்கள் சீமையில் வானம் அத்தனை லேசில் கறுப்பதில்லை.)

இரண்டாம் தொடக்கம்: 1956, சித்திரை வெயில். தலைப்பிரசவத்துக்காக ஜுனைதா தாய்வீடான அபிராமத்துக்குக் கணவனோடு பேருந்தில் போய்க்கொண்டிருந்தாள். ஊருக்கு முன்னால் சாலை பிரியும் ஒரு விலக்கில் வண்டி படுத்துவிட்டது. வலி படுக்கவில்லை. மிளகாய்க் கொல்லையில் வேலையாக இருந்த செவ்வந்தி ஓடி வந்தாள். ஆண்களையெல்லாம் அந்தப் பக்கம் பார்க்கச் சொல்லி அதட்டினாள். உடைமரத்தடியில் பிள்ளையை ஏந்தினாள்.

பிள்ளையைக் கழுவத் தண்ணீர் இல்லை. செவ்வந்தி ஊர்க் கிணற்றுக்குக் குடத்தோடு ஓடினாள். ஓடி என்ன செய்ய? அவள் தெருக்காரர்கள் அந்தக் கிணற்றில் வாளி போடக் கூடாது. யாராவது வந்து இறைத்து ஊற்றும்வரை நிற்க வேண்டும். நின்றாள். இங்கே நான் ரத்தமும் மண்ணுமாகக் கிடந்தேன்.

வெறுங்குடத்தோடு திரும்பி வந்தவள், "மன்னிச்சுக்க தாயி, ஊத்த ஆளு வரல" என்றாள்.

மன்னிப்புக் கேட்டது அவள். ஜுனைதாவுக்கு அது பொறுக்கவில்லை.

2

ஜுனைதா எதைக் கொடுத்தாலும் செவ்வந்தி வாங்கவில்லை. "பிள்ளைய ஏந்துறதுக்குக் கூலியா?" என்று சிரித்துவிட்டாள். பார்த்தாள் ஜுனைதா, அந்த விலக்கிலேயே ஒரு கிணறு வெட்டச் சொல்லிக் கணவனை நச்சரித்தாள். அல்லாவின் கிருபை, நல்ல தண்ணீர் ஊறியது. உப்புத் தண்ணீர் ஊறியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

கிணற்றுக்கு ஒரு தகடு வேண்டுமே. ராமநாதபுரத்தில் பாத்திரங்களுக்குப் பெயர் வெட்டும் குருநாதனிடம் போனார்கள்.

"தகரம் துருப்பிடிச்சிரும். பித்தளைன்னா நாலு நாள்ல கழட்டிட்டுப் போயி விளக்கா வார்த்துருவானுக" என்றார் குருநாதன்.

ஹமீது சுல்தான் தன் பழைய தோணியின் அடியில் புழு அரிக்காமல் அடித்திருந்த செப்புத் தகட்டில் ஒரு துண்டு கொண்டுவந்திருந்தார். குருநாதன் அதைச் சுண்டிப் பார்த்துத் தலையாட்டினார்.

"மேல பிறை போடவா, ஓம் போடவா?"

"கெணத்துக்கு எதுக்குங்க ரெண்டும்? வாளி போடுங்க" என்றாள் ஜுனைதா.

"வாளியா? அன்னம் போடுவேன், குத்துவிளக்கு போடுவேன். வாளி யாரும் கேட்டதில்லம்மா."

(போட்டார். இன்றைக்கும் அது கவிழ்த்த தொப்பி மாதிரிதான் இருக்கிறது.)

"பேரு? வாப்பா பேரப் போட்டுரலாமே" என்றார் ஹமீது சுல்தான்.

"உங்க வாப்பா புண்ணியம் அல்லாவுக்குத் தெரியும். செவ்வந்தின்னு மட்டும் வெட்டுங்க, அது போதும்."

குருநாதன் ஆயுள் முழுக்கக் கோயில் மணியிலும் அண்டாவிலும் குடத்திலும் பெயர் வெட்டியவர். ஊருக்குப் பொதுவான ஒரு பொருளில் பெயரை வெட்டினால் அடுத்து என்ன வரும் என்று அவர் உளிக்கு மனப்பாடம். பெயரை வெட்டினார், உளி தன் பாட்டுக்கு 'உபயம்' என்றும் வெட்டிவிட்டது. யாரும் சரிபார்க்கவில்லை. கொத்தனார் தகட்டை வாங்கிக் கிணற்றுச் சுவரில் வைத்துப் பூசிவிட்டார்.

(தெரிந்தேதான் வெட்டினார் என்று எழுத ஆசையாக இருந்தது. எழுதியும் பார்த்தேன். குருநாதன் ஒரு மகான் ஆகி, என் கதையை விட்டே எழுந்து போய்விட்டார்.)

3

அடுத்த சித்திரையில் கிணறு திறப்பு. ஊரே கூடியிருந்தது. செவ்வந்தி வேலை செய்த கொல்லையின் சொந்தக்காரர் பொன்னுச்சாமி முன்னால் வந்து, "கெணறு குடுத்தவுக கையாலதான் மொத வாளி எறைக்கணும். அதான் நம்ம ஊரு மொறை" என்று முழங்கினார். பிறகு தகட்டின் மேல் மூடியிருந்த துணியை விலக்கிப் படித்தார்.

"செவ்வந்தி உபயம்." அவர் முகம் செத்துப்போனது. "ஏலே, என்னடா இது? நம்ம கொல்லையில களையெடுக்குறவளா?"

ஜுனைதா தகட்டைப் பார்த்தாள். நன்றி சொல்ல வந்தவள் அவள். தகடோ அவளை வாங்கிக்கொண்டவளாக ஆக்கியிருந்தது. ஹமீது சுல்தான் தவறைச் சொல்ல வாயெடுத்தார். ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் நேராகிவிடும். செவ்வந்தி மறுபடி குடத்தோடு நிற்பாள். ஜுனைதா பிள்ளையைக் கணவன் கையில் திணித்தாள்.

"தகடு சரியாத்தான் இருக்கு. குடுத்தது அவதான். வாளிய எடு செவ்வந்தி."

செவ்வந்தி ஓரடி பின்னால் நகர்ந்தாள். "எனக்கு வம்பு வேணாம் தாயி. நாளைக்கும் நான் இவுக கொல்லைக்குத்தான் போகணும்."



அப்போது வெயில் தாளாமல் பிள்ளை வீறிட்டு அழுதது. (இந்தக் கதையில் எனக்கு இருக்கிற ஒரே வசனம் அதுதான்.) செவ்வந்தி பிள்ளையைப் பார்த்தாள். கயிற்றைப் பார்த்தாள்.

"போன தடவ இவனுக்காக நின்னேன்" என்றாள். "இந்தத் தடவ நிக்க மாட்டேன்."

வாளி இறங்கியது. முதல் தண்ணீர் என் வாயில். அடுத்த வாளியை இறைத்து, "யாருக்கு வேணும்?" என்று நிமிர்ந்தாள்.

4

பொன்னுச்சாமி குடித்தாரா?

முடிவு ஒன்று: கை நீட்டினார், தாகம் பெரிது. முடிவு இரண்டு: துண்டை உதறிக்கொண்டு போனார், மறுநாள் செவ்வந்திக்குக் கொல்லையில் வேலை...

உம்மா மனம் நிறைந்திருக்கும் நாளில் முதல் முடிவைச் சொல்வாள். மற்ற நாளில், "அத விடு, நீ குடிச்சியா இல்லையா?" என்பாள். எது நடந்தது என்று நான் போய் விசாரிக்கவில்லை, விசாரிக்கப் போவதுமில்லை. ஒருவேளை தவறாமல் பிழை செய்த குருநாதனுக்கும், அதைத் திருத்தாமல் விட்ட என் உம்மாவுக்கும், ஓடி வந்தவளுக்கும் நான் பட்டிருக்கும் நன்றிக்கடனைப் பொன்னுச்சாமி குடித்ததோ குடிக்காததோ முடிவு செய்ய வேண்டாம் என்றுதான்.

தகடு பச்சை பிடித்து அங்கேயே இருக்கிறது. அந்த விலக்கில் இறங்கினால் படித்துவிட்டுக் குடியுங்கள். பொன்னுச்சாமி கையை நீட்டுவதா மடக்குவதா என்பது உங்கள் பாடு. நான் கையைக் குவித்துக்கொண்டு நிற்கிறேன். செவ்வந்தி ஊற்றுகிறாள்.