பந்தியில் இல்லாத விடை

...அந்தப் பெரியவர் ஏன் வீடு திரும்பினார், வெட்டிய கிணற்றில் தண்ணீர் வரவில்லை, அதனால் திரும்பினார், அவ்வளவுதானே, அதை எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போனால் எனக்கு என்ன கேடு, இல்லை, இந்தக் கை சும்மா இருக்காது, 'நாளை வேறிடத்தில் வெட்டலாம் என்ற நம்பிக்கையோடு திரும்பினார்' என்று எழுதி வைக்கும்... எழுதியே விட்டேன். சனியன். பந்தியை வாசித்து விடை எழுதுகிற கிரகித்தலில் எனக்குப் புள்ளி போகிற இடமே இதுதான். குண்டசாலையில் வகுப்பு நடத்தும் மரியநாயகம் சேர் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டுப் போட்டு அலுத்துப் போனார், "நம்பிக்கையோடன்னு பந்தியில எங்கம்மா இருக்கு? இருக்கிறத மட்டும் எழுது. அவருக்கு ஆறுதல் சொல்ல நீ யாரு?" வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய, அதுகளெல்லாம் சின்னஞ்சிறுசுகள், இந்த வருஷம் விட்டால் அடுத்த வருஷம் எழுதும், எனக்கு வயதெல்லை இந்த வருஷத்தோடு சரி. வருகிற சனிக்கிழமை நுழைவுப் பரீட்சை. ஆசிரியர் கல்லூரிக்குள் கால் வைத்துவிட்டால் தப்பினேன், இல்லாவிட்டால் திகனவில் ஜெஸீமாவின் துணிக்கடையில் காலம் முழுக்கச் சேலையைப் பிரித்துக் காட்டு, மடித்து வை, பிரித்துக் காட்டு, மடித்து வை, வாங்காமல் போகிறவர்களுக்கும் ஒரு சிரிப்பு.

கண்ணைச் சுழற்றிக்கொண்டு வருகிறது. விடியுமுன் ஹுன்னஸ்கிரியவில் பஸ் ஏறி, கண்டி ஆஸ்பத்திரி கிளினிக்கில் நம்பர் எடுத்து, இந்த வாங்கில் உட்கார்ந்ததிலிருந்து ஒரே பந்திதான், அதே கிணறு, அதே பெரியவர். பக்கத்தில் அம்மா வலது விலாவைப் பிடித்தபடி எட்டிப் பார்த்தாள், "என்னா புள்ள, இன்னும் அந்தக் கெணத்துக்குள்ளயேவா கெடக்குற?" அவளுக்கு எல்லாம் கேலிதான். வலிக்குதா என்றால் இல்லை என்பாள், தேத்தண்ணி வேணுமா என்றால் ஒனக்கு வேணும்னா குடி என்பாள், சிங்களத்தில் யாராவது ஏதாவது கேட்டால் மட்டும் என் முந்தானையைப் பிடித்து இழுப்பாள், "எனக்கு அந்தப் பாஷ வராது, நீயே சொல்லு." சின்ன வயதிலிருந்தே எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளுக்கு வாய் நான்தான். டொக்டர் ஒரு பந்தி சொல்வார், அதை மூன்றிலொரு பங்காகச் சுருக்கி, கசப்பானதைக் கழித்து, இல்லாத இனிப்பைக் கொஞ்சம் சேர்த்து அம்மாவிடம் கொடுப்பேன்... அப்பாவுக்கும் அப்படித்தானே. இனிச் செய்ய ஒன்றுமில்லை, கெதர கூட்டிப் போங்கள் என்று அப்பாவைப் பார்த்த டொக்டர் சொன்னார். கெதர என்றால் வீடு. நான் அம்மாவிடம், வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டா தேறிடுவாராம் என்றேன். "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள், வீட்டுக்கு வந்ததும் முட்டையிடுகிற கோழியை அறுத்துக் குழம்பு வைத்தாள், அப்பா ரெண்டு வாய் சாப்பிட்டார்... இதையெல்லாம் சேருக்கு எப்படி விளங்கப்படுத்துவது, என் கை அப்படிப் பழகின கை சேர் என்றா.

நம்பர் கூப்பிட்டார்கள். டொக்டர் நல்ல மனிதர்தான், படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி நிதானமாகச் சொன்னார், பித்தப்பையில் கல், வெட்டித்தான் எடுக்க வேண்டும், செனசுராதா காலையில் வந்து வாட்டில் சேர வேண்டும், கூட ஒரு பெண் நிற்க வேண்டும். செனசுராதாவா, சனிக்கிழமையா? ஆமாம், செனசுராதா. வேறொரு நாள் தர முடியாதா டொக்டர்? முடியாதென்றில்லை, ஆனால் எப்போது கிடைக்குமென்று சொல்ல முடியாது, இந்தக் கல் இருக்க இருக்க ஆபத்து, யோசித்துவிட்டு நாளைக்குள் சொல்லுங்கள். அம்மா கையைக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூட நிற்க யார் இருக்கிறார்கள், தம்பி கொழும்பில், பெண்கள் வாட்டுக்குள் அவனை விடவும் மாட்டார்கள், லயத்தில் எங்களுக்கு அடுத்த காம்பிராவில் பாப்பம்மா மாமி பிள்ளை பெற்ற மகளோடு கிடக்கிறாள், என்னை விட்டால் ஆளில்லை. வெளியே வந்தோம், படியிறங்கினோம், "என்னா புள்ள சொல்றாரு?" என்று கேட்டாள், நானும் வாயைத் திறந்தேன், வழக்கம்போலச் சுருக்கம் தானாக வந்து விழுந்தது, "சின்னக் கல்லாம்மா, பயப்பட ஒண்ணுமில்லையாம், அடுத்த மாசம் வரச் சொல்றாரு."

சொன்ன பிறகுதான் உறைத்தது. இத்தனை காலமும் கழித்ததும் சேர்த்ததும் அவளுக்காக. இன்றைக்கு யாருக்காக? பாவி, யாருக்காகடி? இப்போதே அம்மாவிடம் உள்ளதைச் சொல்லிவிடலாமா, சொன்னால் பரீட்சை போச்சு, சொல்லாவிட்டால்... சேலை மடிக்கிற கையே போதும் என்று அந்த நிமிஷம் நினைத்தேன், அடுத்த நிமிஷம் இல்லை, போதாது என்றும் நினைத்தேன், வெட்கமாக இருந்தது. பஸ் நிறுத்துமிடம் வரைக்கும் அம்மா விலாவைப் பிடித்தபடி முன்னால் நடந்தாள். அங்கே வந்து நின்றதும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, யாரையோ பற்றிப் பேசுகிற மாதிரி, "செனசுராதான்னு ரெண்டு தரம் சொன்னாரே அந்த ஐயா. ஒனக்கு அன்னைக்குத்தானே பரீட்சை" என்றாள். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. "சரி விடு. அடுத்த மாசம்னே வச்சுக்குவோம். எவனாச்சும் கேட்டா எனக்குச் சிங்களம் தெரியாது பாரு" என்று சிரித்தாள், சிரித்ததில் விலா இழுத்துப் பிடித்து, ஒரு நிமிஷம் என் தோளைப் பற்றிக்கொண்டு நின்றாள்.

அம்மாவுக்குத் தெரியுமா? எவ்வளவு தெரியும், எப்போதிலிருந்து தெரியும்? இத்தனை வருஷம் சிங்களவர் கடைத்தெருவில் உப்பும் கருவாடும் வாங்கியவளுக்குச் செனசுராதா தெரிந்திருக்கிறது என்றால், கெதர தெரியாமலா இருந்திருக்கும்? செய்ய ஒன்றுமில்லை என்று டொக்டர் கையை விரித்தாரே, அதற்குப் பாஷை எதற்கு? அப்படியானால் அந்தக் கோழி... தேறிவிடுவார் என்று நம்பியா அறுத்தாள், இல்லை, நம்புகிறாள் என்று நான் நம்ப வேண்டுமென்றா? நீ சொன்னா சரியாத்தான் இருக்கும் என்றாளே, அதை யாருக்கு ஆறுதலாகச் சொன்னாள்? நாளைக்குள் டொக்டருக்குப் பதில் சொல்ல வேண்டும். "அம்மா, அப்பாவுக்கு அன்னைக்குக் கோழி..." என்று தொடங்கினேன், ஹுன்னஸ்கிரிய பஸ் வந்துவிட்டது, அவள் விலாவைப் பிடித்துக்கொண்டே எனக்கு முன்னால் முண்டியடித்து ஏறி, ஜன்னலோரத்தில் இடம் பிடித்து, பக்கத்து சீட்டைக் கையால் தட்டினாள்.

"வா புள்ள, ஒக்காந்து படி."