பத்தொன்பது நிமிடம்

இதழ் அச்சகத்துக்குப் போக இன்னும் முப்பத்தொரு மணி நேரம் இருந்தது. நாளை மாலை ஐந்துக்குள் எல்லாப் பக்கங்களும் போய்விட வேண்டும். அவள் மேசையில் மிச்சமிருந்தது ஒரே ஒரு பகுதி. பொது நிர்வாகக் கல்லூரியில் படித்துவிட்டுப் போனவர்கள், அந்த ஆண்டில் தங்களுக்கு நடந்த நல்லதை எழுதி அனுப்பும் பக்கங்கள். ஆளுக்கு நாற்பது சொல். மிஞ்சுவதை வெட்டுவது அவள் வேலை.

நாற்பதுக்குள் யாரும் நின்றதில்லை. ஒருவர் துணைச் செயலாளராகியிருந்தார். தன் அறை எந்த மாடியில் இருக்கிறது என்பது வரை எழுதியிருந்தார். ஒருத்தி நான்கு ஆண்டு இழுபறியில் கிடந்த குடிநீர்க் குழாய் இணைப்பை முடித்து வைத்திருந்தாள். இன்னொருத்தி இரட்டைக் குழந்தை பெற்றதை எழுதி, ‘இதுவும் பொது நிர்வாகம்தான், வெட்டிவிடாதே’ என்று கீழே குறித்திருந்தாள். வெட்டவில்லை. ‘தலைமையேற்று’ என்ற சொல் மட்டும் பதினேழு குறிப்புகளில் இருந்தது.

“எல்லாரும் தலைமை தாங்கிட்டா, பின்னாடி யாரும்மா நடந்தாங்க?” என்றார் பக்கம் வடிவமைப்பவர், அவள் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து.

அவள் சிரித்தாள். அவளைப் பொறுத்தவரை அது நீண்ட பதில்.

அவளும் அங்கே படித்தவள்தான். அப்போதே பேச்சு குறைவு. கையில் எப்போதும் பென்சில் இருந்ததால் வகுப்பில் அதுவே பெயராகிவிட்டது. மூன்று ஆண்டுகளாக இந்தப் பக்கங்களைத் தொகுக்கிறாள். தன்னைப் பற்றி ஒரு வரி எழுதிக்கொண்டதில்லை.

கடைசிக் குறிப்பு அட்டைப்படத்தில் வரப்போகிறவருடையது. அவளுடைய வகுப்புப் பிரதிநிதி; ‘தலைவர்’ என்ற பட்டம் இன்றுவரை அவரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. நகராட்சி சேவை மையத்தில் ஐந்து வரிசைகளை ஒன்றாக்கி, வாசலில் எண் சீட்டு கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தவர். மக்கள் காத்திருக்கும் நேரம் சராசரியாக நாற்பத்தாறு நிமிடத்திலிருந்து பத்தொன்பது நிமிடமாகக் குறைந்தது என்று குறிப்பு சொன்னது. அதற்காகத்தான் இந்த ஆண்டின் சிறந்த முன்னாள் மாணவர் விருது. அடுத்த மாதம் முதல் அதே முறை இன்னும் பதினோரு ஊர்களில் வருகிறது.

மொத்தம் முப்பத்தெட்டு சொல். வெட்ட ஒன்றுமில்லை. ஆனால் பென்சில் முனை பத்தொன்பதின் மேல் வந்து நின்றுவிட்டது.

அந்த எண் அவளுடையது. நான்கு ஆண்டுகளுக்கு முன், தலைவரின் குழுவில் கணக்கெடுத்தவள் அவள்தான். சீட்டில் ஆள் வந்த நேரம் அச்சாகியிருக்கும். முறை வந்ததும் கவுன்ட்டரில் இருப்பவர் சீட்டை வாங்கி, அந்த நேரத்தையும் குறித்து, பெட்டியில் போடுவார். மாலையில் பெட்டி அவளிடம் வரும். இரண்டு வாரம் சீட்டுகளை அடுக்கி, கழித்து, கூட்டி, வகுத்து, பத்தொன்பது என்று எழுதிக் கொடுத்தாள். அறிக்கை வாசிப்பதற்கு முந்தைய மாலைதான் ஒன்று உறைத்தது. நோட்டை எடுத்துக்கொண்டு தலைவரின் அறைக்குப் போனாள். அவர் யாரிடமோ தொலைபேசியில், “பத்தொன்பது சார், பத்தொன்பதே பத்தொன்பது!” என்று சிரித்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லிக் கை காட்டினார். அவள் உட்காராமல் திரும்பி வந்துவிட்டாள். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். மறுநாள் எல்லோரும் கைதட்டினார்கள். அதற்குப் பிறகு, ஒரு நாள் தள்ளத் தள்ள, சொல்வது இன்னும் கொஞ்சம் கடினமானது. ஆறு மாதத்தில் அந்த வேலையை விட்டாள்.

குறிப்பை அப்படியே மூடி வைத்துவிட்டு மாலை வீட்டுக்குப் போனாள். அப்பா முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“மையத்துக்குப் போனீங்களாப்பா?”

“போனேன், போனேன்.”

“சான்று குடுத்தாங்களா?”

ஓய்வூதியம் நிற்காமல் வர வேண்டுமானால், ஆள் உயிரோடு இருக்கிறார் என்று ஆண்டுக்கொரு முறை சேவை மையத்தில் சான்று வாங்க வேண்டும். கெடு முடிய ஒன்பது நாள்தான் இருந்தது.

“எங்க குடுத்தாங்க! உக்கார இடமில்ல. ரெண்டு மணி நேரம் செவத்துல சாஞ்சு நின்னேன். கால் கெஞ்ச ஆரம்பிச்சுடுச்சு, வந்துட்டேன்.” தைல மூடியைத் திருகினார். “நான் உயிரோட இருக்கேன்னு எழுதி வாங்கறதுக்குள்ள, உயிர் போயிடும்போல இருக்கு.”

தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துக்கொண்டார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

“நாளைக்கு நானும் வரேன்ப்பா.”

“நீ உன் வேலையப் பாரு பாப்பா. என்னை மாதிரி இன்னும் நாலு பேரு பாதியிலயே கெளம்பினாங்க. பேசிக்கிட்டே நடந்து வந்தோம். பொழுது நல்லாத்தான் போச்சு.”

சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்து, சாவி வைக்கும் கிண்ணத்தில் போட்டார். எண் 212, காலை 9.40. கிண்ணத்தில் அதே மாதிரி இன்னும் இரண்டு சீட்டுகள் கிடந்தன.

“இது எப்பப்பா?”

“போன வாரம். அதுக்கு முந்தின வாரம் ஒண்ணு. சொன்னா நீ லீவு போட்டுட்டு வந்து நிப்பே.”

“இதையெல்லாம் எதுக்கு வச்சிருக்கீங்க?”

“கிழிச்சுப் போட மனசு வரல. போனதுக்கு வேற என்ன அத்தாட்சி இருக்கு?”

மறுநாள் காலையில் கிளம்பும்போது மூன்று சீட்டுகளையும் எடுத்து, அலமாரியின் அடியிலிருந்த பழைய கணக்கெடுப்பு நோட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

அச்சுக்குப் போகுமுன் ஒவ்வொரு குறிப்பையும் அனுப்பியவரிடம் தொலைபேசியில் படித்துக் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும் என்பது இதழின் விதி. துணைச் செயலாளர் மாடி எண்ணை வெட்டியதற்கு வருத்தப்பட்டார். இரட்டையரின் அம்மா பேசும்போது பின்னால் இரண்டு அழுகைகள் கேட்டன. தலைவரின் எண்ணைக் கடைசிக்குத் தள்ளித் தள்ளி, அழைத்தபோது மணி ஒன்று. இன்னும் நான்கு மணி நேரம்.

“அடடே, பென்சிலா! உன் குரலக் கேட்டு எவ்வளவு நாளாச்சு. கேட்டு மட்டும் என்ன, பேசவா போறே?”

“குறிப்பப் படிச்சுக் காட்டணும், தலைவரே.”

“படி படி.”

படித்தாள். பத்தொன்பதைத் தாண்டும்போது குரல் சற்று இறங்கியது. அவர் கவனிக்கவில்லை. பதினோரு ஊர் என்றதும் நிறுத்தினார்.

“பன்னிரண்டுன்னு மாத்திடு. இன்னைக்குக் காலையிலதான் இன்னொரு ஊருக்குக் கையெழுத்தாச்சு.”

அவள் பதினொன்றை அழித்துப் பன்னிரண்டு என்று எழுதினாள்.

“அம்மா விருது விழாவுக்கு வராங்க தெரியுமா? இன்னும் மூணு வாரம் இருக்கு, இப்பவே தலைக்குச் சாயம் போட்டாச்சு.” சிரித்தார். பிறகு குரல் கொஞ்சம் மாறியது. “பென்சில், ஒண்ணு சொல்லட்டா? ரொம்ப நாளா மனசுல உறுத்துது. எண்ணினது நீ. மேடையில நின்னு படிச்சது மட்டும்தான் நான். அதுல உன் பேரையும் சேர்த்துடு. ரெண்டு சொல்லுக்கு இடம் இருக்கா பாரு.”

இருந்தது. சரியாக இரண்டு சொல்லுக்கு.

கதவருகே வடிவமைப்பவர் வந்து நின்று, மணி ஐந்தை நினைவூட்ட ஐந்து விரலையும் விரித்துக் காட்டிவிட்டுப் போனார். அவள் நோட்டைத் திறந்து மூன்று சீட்டுகளையும் மேசைமேல் வரிசையாக வைத்தாள். மின்விசிறிக் காற்றில் ஒன்று நகர்ந்தது. பென்சிலை அதன்மேல் வைத்தாள்.

“பென்சில்? லைன்ல இருக்கியா?”

“இருக்கேன்.”

மூன்று சீட்டுகளிலும் ஆள் வந்த நேரம் மட்டும் அச்சாகியிருந்தது. பக்கத்தில், கவுன்ட்டரில் குறிக்க வேண்டிய கட்டம் வெள்ளையாக இருந்தது. முதல் வாரத்துச் சீட்டில் மை மங்கத் தொடங்கியிருந்தது.

“தலைவரே, வாசல்ல ஆறாயிரத்து நூத்தி இருபது சீட்டு குடுத்தோம். பெட்டிக்குத் திரும்பி வந்தது மூவாயிரத்து எண்ணூத்தி எட்டுதான். நிக்க முடியாம பாதியில போனவங்க, சீட்டைப் பையிலயே வச்சுக்கிட்டுப் போயிட்டாங்க.” மூச்சு விட்டுக்கொண்டாள். “அவங்கள நான் எண்ணவே இல்ல.”