காற்றுக்கு விட்ட இடம்

லிசி தன் இரட்டைக் குழந்தைகளை ஸ்ட்ரோலரில் வைத்துத் தள்ளிக்கொண்டு போன முதல் நடையில் ஸ்ட்ரோலரும் இல்லை, குழந்தைகளும் இல்லை. வெள்ளை பிவிசி குழாயில் செய்த ஒரு சதுரச் சட்டம் மட்டும்தான் இருந்தது. அதை இடுப்புயரத்தில் பிடித்தபடி பொன்மலை ரயில்வே காலனியின் தூங்குமூஞ்சி மரங்களுக்குக் கீழே அவள் நடந்ததைப் பார்த்தவர்கள், பிள்ளை பெற்ற களைப்பு மண்டைக்கு ஏறிவிட்டது, பாவம் என்று நினைத்திருந்தால் அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது.

சட்டத்தைச் செய்தவன் அவள் கணவன் பிரவீன்ராஜ். ரயில்வே பணிமனையில் பெட்டிகளைப் பழுது பார்க்கிற வேலை. நல்லவன்தான், ஆனால் அளக்காமல் எதையும் நம்ப மாட்டான். லிசியைப் பெண் பார்க்க வந்த அன்றே, கேசரியைச் சாப்பிட்டு முடித்துவிட்டு, உங்கள் வீட்டு வாசல் நிலை இடது பக்கம் ஒரு நூல் சாய்ந்திருக்கிறது என்று மாமனாரிடம் சொன்னவன். சாய்ந்துதான் இருந்தது.

குழந்தைகளுக்குப் பதினோரு மாதம். முதலில் வந்தவள் ஜோவிட்டா, ஏழு நிமிஷம் கழித்து வந்தவன் ஜோவன். ஒன்றை இடுப்பில் வைத்தால் இன்னொன்று தரையில் கிடந்து ஊரைக் கூட்டும். இரண்டு இடுப்பிலும் இரண்டைத் தூக்கிக்கொண்டு வாசல்படி மூன்றையும் இறங்கிவிடலாம்; இறங்கிய பிறகு கதவை யார் பூட்டுவது? அதனால் புத்தூர் டாக்டரிடம் தடுப்பூசிக்குப் போனாலும், ஞாயிறு பூசைக்குப் போனாலும், மூலைக்கடைக்குத் தீப்பெட்டி வாங்கப் போனாலும் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் ரோசரி அக்கா கூட வர வேண்டும். அக்கா ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. அதுதான் லிசிக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. அக்காவுக்கு எப்போது கை ஒழிகிறதோ அப்போதுதான் இவளுக்கு வெளி உலகம்.

மதியம் இரண்டும் தூங்கும்போது லிசிக்கும் கண் சொருகும். அந்த அரைத்தூக்கத்தில் தினமும் ஒரே சாலைதான் வந்தது. கல்யாணமான புதிதில் மாலைச் சங்கு ஊதுகிற நேரத்துக்கு அவள் பணிமனை வாசலுக்கு நடந்துபோய் நிற்பாள். சங்கு ஊதியதும் சைக்கிளும் பைக்குமாக ஜனம் கரைபுரண்டு வரும். அத்தனை பேரில் ஒருவன் மட்டும் அவளைப் பார்த்ததும் புல்லட்டை அணைத்து இறங்குவான். அந்தக் கனத்த வண்டியைத் தள்ளிக்கொண்டே அவளோடு மெயின் ரோடு சுற்றி வீடு வரை நடப்பான். இப்போது கனவில் அதே சாலையில் அவள் குழந்தைகளைத் தள்ளிக்கொண்டு போனாள். சக்கரச் சத்தம் கேட்காது. மரத்திலிருந்து இளஞ்சிவப்புப் பூக்கள் உதிர்ந்து குழந்தைகளின் மடியில் விழும். கூட யாரும் இருக்க மாட்டார்கள். முழித்துப் பார்த்தால் ஜோவன் அவள் முடியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருப்பான்.

ஸ்ட்ரோலர் வாங்குவது என்று முடிவானபோது இரண்டு வகை இருப்பது தெரிந்தது. ஒன்றில் குழந்தைகள் முன்னும் பின்னுமாக உட்காரலாம். ஒடுக்கமாக இருக்கும், எந்தச் சந்திலும் நுழையும். ஆனால் பதினைந்து கிலோ. வாசல்படியில் அதை இறக்க இன்னொரு ஆள் வேண்டும். அந்த இன்னொரு ஆள் யார் என்று சொல்லத் தேவையில்லை. மற்றது இரண்டு இருக்கையும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது. எட்டரை கிலோதான், குடை மாதிரி மடங்கும், லிசி ஒற்றைக் கையால் தூக்கிவிடுவாள்; ஆனால் அகலம். இரட்டைக் குழந்தைகளின் அம்மாக்கள் சேர்ந்திருக்கும் வாட்ஸ்அப் குழுவில் ஸ்ரீரங்கத்து ரங்கநாயகி அந்த இரண்டாவது வகையின் படத்தைப் போட்டிருந்தாள். தன் பிள்ளைகளுக்கு நான்கு வயதாகிவிட்டது, யாருக்காவது வேண்டுமா என்று கேட்டிருந்தாள். லிசி அந்தப் படத்தை எத்தனை முறை திறந்து பார்த்தாள் என்பதை போன்தான் சொல்ல வேண்டும்.

பிரவீன்ராஜ் சும்மா வாங்க விடுவானா. பணிமனையில் ஒரு பெட்டி வெளியே போகுமுன் அதை ஓர் இரும்பு வளைவுக்குள் விட்டுப் பார்ப்பார்கள். எங்கும் உரசாமல் வந்தால்தான் லைனுக்குப் போகலாம். அந்த வளைவுக்குப் பெயர் கேஜ். டேப் பிடிக்கிறவன் தப்பு செய்வான், கேஜ் செய்யாது என்பது அவன் வேதம். ரங்கநாயகியின் வண்டி எந்த மாடல் என்று கேட்டு, அகலத்தை நெட்டில் தேடி, குழாயை வெட்டிச் சட்டம் செய்து மனைவி கையில் கொடுத்துவிட்டான். நீ போகிற இடமெல்லாம் இதைக் கொண்டுபோ, இது நுழைந்தால் வண்டியும் நுழையும் என்றான்.

அப்படித்தான் ஒரு சாயங்காலம் குழந்தைகளை ரோசரி அக்காவிடம் விட்டுவிட்டு லிசி சட்டத்தோடு கிளம்பினாள். வாசல் நிலையில் நுழைந்தது. கோயிலின் பக்கவாட்டுக் கேட்டில் நுழைந்தது. அவளுக்கு நடையே மாறிவிட்டது. சட்டத்துக்குள் சாலை ஒரு படமாகத் தெரிந்தது. அந்தப் படத்துக்குள் ஜோவிட்டாவையும் ஜோவனையும் உட்காரவைத்துக்கொண்டாள். அதோ பாரு அணில் என்று வெறும் குழாயிடம் சொன்னாள். மரங்கள் இலைகளை மடக்கிக்கொள்ளத் தொடங்கியிருந்தன. காற்று வந்து கழுத்தில் பட்டது. கைகள் கனக்கவில்லை என்பது பாதி வழியில்தான் அவளுக்கு உறைத்தது. இன்னும் கொஞ்ச தூரம்தான் பணிமனை வாசல்.

காலனிப் பாதை முடிந்து பணிமனைச் சாலை தொடங்கும் இடத்தில், பைக்குகள் புகுந்து ஓட்டாமல் இருக்க இரண்டு தண்டவாளத் துண்டுகளை நட்டு வைத்திருக்கிறார்கள். சட்டம் அதில் டொக் என்று இடித்தது. லிசி நேராகப் பிடித்துப் பார்த்தாள். இந்தப் பக்கம் தள்ளி, அந்தப் பக்கம் தள்ளிப் பார்த்தாள். சாய்த்தால் நுழைந்தது; பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிற வண்டியைச் சாய்க்க முடியுமா? மெயின் ரோடு சுற்றிப் போகலாம் என்றால் அங்கே நடைபாதையே கிடையாது, பஸ் உரசிக்கொண்டு போகும். அவள் தண்டவாளத்தில் கையை ஊன்றிக்கொண்டு அழுதாள். ஒரு கம்பிக்காக அழுகிறோமே என்று வெட்கமாக இருந்தது, ஆனாலும் அழுதாள்.

அப்போ முன்னும் பின்னுமா இருக்கிறதையே வாங்கிடலாம் என்று பிரவீன்ராஜ் அன்றைக்கே தீர்ப்பு எழுதிவிட்டான். அந்த வாரம் முழுக்க மதியத் தூக்கத்தில் சாலை வரவில்லை. ரங்கநாயகிக்கு, எங்களுக்குச் சரிப்படாதுங்க என்று செய்தி அனுப்பினாள். அதனால் என்ன, ஒருநாள் குழந்தைகளை அழைத்துக்கொண்டு வாங்கோ, உட்காரவைத்தாவது பார்க்கலாம் என்று அவளிடமிருந்து பதில் வந்தது.

ஞாயிறு பூசை முடிந்து ஆட்டோவில் போனார்கள். தான் சொன்னது சரிதான் என்று காட்டுவதற்காகப் பிரவீன்ராஜ் சட்டத்தையும் எடுத்துக்கொண்டான். காவிரிப் பாலத்தில் காற்று அந்தக் குழாய்க்குள் புகுந்து ஊதியது. குழந்தைகள் இரண்டும் வாயைப் பிளந்து அதைக் கேட்டுக்கொண்டே வந்தன.

உத்தர வீதியில் ரங்கநாயகியின் வீடு ஒடுங்கி நீண்டு கிடந்தது. முப்பது வயதிருக்கும் அவளுக்கு, கலகலவென்று பேசினாள். வண்டியைக் கூடத்தில் விரித்து வைத்து, கொடுங்கோ என்று இரண்டு குழந்தைகளையும் வாங்கி உட்காரவைத்தாள். ஜோவிட்டா எட்டி ஜோவனின் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டாள். இரண்டும் அமைதியாகிவிட்டன. லிசியால் அதைப் பார்க்க முடியவில்லை. முற்றத்து வெயிலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிரவீன்ராஜ் தொண்டையைக் கனைத்துக்கொண்டு சட்டத்தை வண்டிக்கு மேலாக வைத்துக் காட்டினான். ரங்கநாயகி குனிந்து பார்த்தாள். இரண்டு பக்கமும் நாலு விரலை நுழைத்தும் பார்த்தாள்.

"இது எங்க வண்டிக்கு எடுத்த அளவா? இப்படித் தொளதொளன்னு இருக்கே."

"இல்லங்க, ரெண்டு பக்கமும் அஞ்சஞ்சு சென்டிமீட்டர் கிளியரன்ஸ், காத்துக்குன்னு இடம், விட்டிருக்கேன்" என்றான் அவன். "ஓடும்போது பெட்டி ஆடும்ல."

லிசி மெதுவாகத் திரும்பினாள். கல்யாணமாகி இத்தனை நாளில் அவள் அவனை அப்படிப் பார்த்ததில்லை.

"பெட்டி இல்லங்க. நான் தள்ளப்போற வண்டி. அன்னைக்கு அந்தக் கம்பியில இடிச்சது இந்த வண்டி இல்ல. நீங்க விட்ட காத்து."

பிரவீன்ராஜுக்குக் கணக்கு உடனே புரிந்துவிட்டது. தேய்ந்த பெட்டியைப் பாதுகாப்பாக வெளியே அனுப்பிப் பழகிய கை, மனைவியை வீட்டுக்குள்ளேயே நிறுத்திவிட்டிருந்தது. அவன் சட்டத்தின் நான்கு மூலைகளையும் கழற்றிக் குழாய்களை ஒன்றாகச் சேர்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். திரும்பும்போது ஆட்டோவில் மடித்த வண்டியை லிசி மடியிலேயே வைத்திருந்தாள், யாரிடமும் கொடுக்கவில்லை.

மறுநாள் காலை பிரவீன்ராஜ், நானும் கூட வருகிறேன், லீவு போடுகிறேன் என்றான். வேண்டாம் என்றாள்.

மாலை வண்டியைப் படியில் தானே இறக்கினாள். உள்ளே போய்க் குழந்தைகளை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து உட்காரவைத்து பெல்ட்டை மாட்டினாள். கதவைப் பூட்டினாள். ரோசரி அக்கா வாசலுக்கு வந்து செருப்பில் காலை நுழைத்தார். நீங்க இருங்கக்கா என்று லிசி சிரித்தாள். அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு அவள் போவதையே பார்த்துக்கொண்டிருந்தார். கனவில் கேட்காத சக்கரச் சத்தம் நிஜத்தில் கடகடவென்று கேட்டது. பூ ஒன்று ஜோவன் மடியில் விழுந்தது. அவன் அதை வாயில் போடப் பார்த்தான்.

தண்டவாளத் துண்டுகளின் முன்னால் நின்றாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு தள்ளினாள். இரண்டு பக்கமும் ஒரு விரல் இடைவெளியில் வண்டி நுழைந்து வெளியே வந்தது.

சங்கு ஊதி, சைக்கிளும் பைக்குமாக ஜனம் வந்தது. புல்லட் ஒன்று நின்றது. பிரவீன்ராஜ் இறங்கி அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். இடமும் வலமும் பார்த்தான்.

"கூட யாரு வந்தா?"

"யாரும் வரல."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டதை, தூசி என்று சொன்னால் நம்புகிறவர்கள் நம்பட்டும். பழைய வழக்கப்படி புல்லட்டைத் தள்ளிக்கொண்டு கூடவே நடந்தான். தண்டவாளத் துண்டுகள் வந்ததும் பழைய வழக்கப்படியே நின்று, மெயின் ரோட்டுப் பக்கம் கையைக் காட்டி, புல்லட் இதுல நுழையாதே என்றான்.

"அதுக்குத்தானே நட்டிருக்காங்க" என்றாள் லிசி. "நீங்க சுத்தி வாங்க. நாங்க போய் டீ போட்டு வைக்கிறோம்."

இந்த முறை அவள் நிற்கவில்லை. கம்பிகளைப் பார்க்கவும் இல்லை.