கதவுப்பிடியில் ஒரு பொதி

என் மனைவி ராசமலருக்குச் சாத்திர சம்பிரதாயம் என்றால் உயிர். டென்மார்க்கின் பிரெடெரிசியாவுக்கு வந்து முப்பது வருடமாகியும் அதில் எள்ளளவும் குறையவில்லை. எனக்கும் குறையவில்லை என்பதுதான் இப்போது என் வயிற்றெரிச்சல்.

ஒபீலியா அவளோடு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்த மெக்சிக்கோக்காரி. இருவரும் கதைத்தது டெனிஷில்தான். இரண்டு பேருடைய டெனிஷும் ஒரே அளவு ஓட்டை, அதனாலோ என்னவோ நன்றாக ஒட்டிக்கொண்டார்கள். உறைப்பில்லாத அந்தக் குழம்பைத் திட்டித் திட்டியே இருவரும் கிண்டுவார்கள். ராசமலர் வாய்விட்டுச் சிரிப்பதை நான் வீட்டில் கேட்டது குறைவு. வேலை முடிய அவளை ஏற்றப் போகும்போது அந்தச் சமையலறை யன்னலால்தான் கேட்டிருக்கிறேன்.

புருஷன் பிரிந்து போன பிறகு ஒபீலியா இங்கே தனி. இந்த நவம்பரில் ஒரேயடியாக ஊருக்குத் திரும்ப முடிவெடுத்தாள். அங்கே வஹாக்காவில் தமக்கை இருக்கிறாளாம். போவதற்கு முதல்நாள் பின்னேரம் எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டாள். ராசமலர் அவளுக்கென்று ஒரு கம்பளிச் சால்வை வாங்கி வைத்திருந்தாள்.

"கட்டிப்பிடிச்சு அழுதிடுவன் போல கிடக்குதப்பா," என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். முப்பது வருடத்தில் இந்த ஊரில் அவளுக்குக் கிடைத்த ஒரே சிநேகிதி. அழாமல் என்ன செய்வாள்.

ஒபீலியா வீட்டு வரவேற்பறையில் மேசை ஒன்றில் படிபோல் அடுக்கியிருந்தது. செம்மஞ்சள் கடதாசிப் பூக்கள், மெழுகுதிரிகள், பாண், ஒரு கிளாஸ் தண்ணீர். நடுவில் ஒரு கிழவியின் படம்.

"ஆர் இது?" என்று ராசமலர் கேட்டாள்.

"அம்மா. ஆகஸ்டில போயிட்டா. என்னாலை போகேலாமல் போச்சு," என்றாள் ஒபீலியா. "எங்கட ஊரில செத்தவை வருசத்தில ஒருக்கா வீட்டுக்கு வருவினம். இண்டைக்கு அவ வாற நாள். வழி தெரியத்தான் விளக்கு. களைச்சு வருவா, அதுக்குத் தண்ணி." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எங்கள் திவசப் படையல் மாதிரித்தான் எனக்குத் தெரிந்தது.

ராசமலரின் முகம் மாறிவிட்டது. "செத்தவீடப்பா," என்று தமிழில் முணுமுணுத்தாள்.

"முப்பத்தொண்டாம் நாள் கிரியையெல்லாம் எப்பவோ முடிஞ்சுது. பேசாமல் சாப்பிடு," என்றேன்.

"எங்களுக்கு இண்டைக்குத்தானே தெரியும்? இது துக்கம் விசாரிக்கிற வீடு. கை நனைக்கக் கூடாது."

சோள மாவுக்குள் கோழி வைத்து, சோள மடலில் சுற்றி அவித்த தமாலே. மிளகாயும் சொக்லேட்டும் போட்டுக் காய்ச்சிய கறுத்தக் குழம்பு. வாசம் மூக்கைத் துளைத்தது. நானும் என்ன பெரிய வீரனா? பசிக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். ராசமலரும் அதையே சொன்னாள். சால்வைப் பையைக் கதிரைக்குக் கீழே தள்ளினாள். துக்க வீட்டில் பரிசு கொடுக்கலாமா?

ஒபீலியா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப பொறுங்கோ, கட்டித் தாறன்," என்று குசினிக்குள் போனாள்.

ராசமலர் எழும்பினாள். நானும் எழும்பினேன். துக்க வீட்டில் 'போட்டு வாறம்' என்று சொல்வதில்லை. சொன்னால் இன்னொரு இழவுக்கு வருவதாக அர்த்தம். அந்தப் பிள்ளைக்கு இனி ஒரு கெடுதலும் வரக்கூடாது என்ற அன்பில்தான், சத்தியமாக அந்த அன்பில்தான், பையையும் எடுத்துக்கொண்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்தி, திரும்பிப் பார்க்காமல் வந்தோம். வீட்டுக்கு வந்து அந்தக் குளிரில் தலைமுழுகினோம்.

"விடியப் போன் எடுத்துக் கதைப்பன். அவ பில்லுண்ட் எயார்போட்டுக்குப் போக முதல் ஒருக்காப் போய்ச் சால்வையையும் குடுப்பம்," என்றாள் ராசமலர்.

காலையில் தேத்தண்ணி குடித்துவிட்டுக் குப்பை போடக் கதவைத் திறந்தேன். வெளிப்பிடியில் ஒரு பை தொங்கியது. உள்ளே தமாலேக்கள். இன்னும் சூடு ஆறவில்லை. நாங்கள் உள்ளே தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது அவள் இந்தக் கதவுக்கு வெளியில் நின்றிருக்கிறாள்.

ராசமலர் பதறிப்போய்ப் போன் எடுத்தாள். ஒபீலியா விமான நிலையத்துக்குப் போகிற பஸ்ஸில் இருந்தாள்.

"ஏன் பெல் அடிக்கேல்லை?"

"நேற்று நீங்கள் சொல்லாமல் போனியள்," என்றாள் ஒபீலியா. "முதல்ல மனம் நொந்து போச்சு. பையோட றோட்டு வரைக்கும் ஓடி வந்தனான். எங்கட ஊரில ஒவ்வொருத்தராக் கட்டிப்பிடிச்சுச் சொல்லாமல் ஆரும் வெளிக்கிடமாட்டினம். பிறகு இருந்து யோசிச்சன். ராசமலர் என்னிலை இவ்வளவு அன்பு. அப்ப, மனசுக்குக் கிட்டின ஆக்களை விட்டுப் போகேக்கை உங்கட ஆக்கள் இப்பிடித்தான் போறவையாக்கும் எண்டு விளங்கிச்சுது. அதுதான் நானும் பையைக் கதவில கொழுவிப்போட்டுத் திரும்பிப் பாராமல் வந்திட்டன். சரியாச் செய்தனா?"

ராசமலர் என்னைப் பார்த்தாள். அந்த ஓட்டை டெனிஷில் எதை எங்கே தொடங்கிச் சொல்வது? செத்தவீடு என்று நினைத்தோம் என்றா சொல்வது, அவள் அம்மா வந்திருந்த நாளில்?

"ஓம்," என்றாள். "சரியாத்தான் செய்தாய்."

ஒபீலியாவுக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஒரு மூச்சு விட்டது கேட்டது. பிறகு, போகிறேன் என்றுகூடச் சொல்லாமல் போனை வைத்துவிட்டாள்.